பிள்ளைத்தாச்சி மெஷின்

உங்கள் வீட்டுக்கு நேர் எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில், ஏறப்போகாத பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுபோல நீங்கள் எப்போதாவது நடித்திருக்கிறீர்களா?

ஞானேஸ்வரன் நடித்தான். 2009ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், லண்டன் பிளேஸ்டோவில், காலை பத்து நாற்பதிலிருந்து. ஒரு பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, இந்த மனிதன் ஏறுவானா மாட்டானா என்று பார்த்துவிட்டுப் போயிற்று. மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் குடை இருந்தும் அவன் விரிக்கவில்லை. தெருவின் அந்தப் பக்கம் அவனுடைய வீடு. அதற்குள் சக்கர நாற்காலியில் அவனுடைய மனைவி வசந்தமலர். பதினொரு மணிக்கு அவளுக்குப் பரீட்சை. அது முடியும்வரை அவன் வாசலை மிதிக்கக் கூடாது. அவளுக்குப் போனும் எடுக்கக் கூடாது.

மாசி மாதம் பாதசாரிக் கடவையில் வைத்து வசந்தமலரை ஒரு வான் இடித்தது. கால்கள் இரண்டும் இயங்காமல் போய்விட்டன. இடது கையில் பாதிப் பலம்தான். வலது கையும் வாயும் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தன. சித்திரையில் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லித் தமிழ்ச் சனமெல்லாம் கொடியும் பதாகையுமாகப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்ற நாட்களில், அவள் வார்டில் கிடந்து தொலைக்காட்சியில் தெரிந்த முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நோயாளி வீட்டில் தனியே இருக்கலாமா என்று பார்த்துச் சொல்வது ஆஸ்பத்திரியில் இசபெல் என்ற பெண்ணின் வேலை. அவள் ஆனி மாதத்திலேயே கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஞானேஸ்வரன் டாகனத்தில் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலைக்குக் காலை நாலரைக்கு வெளிக்கிடுகிறான். திரும்பி வர இரண்டரை ஆகிறது. கவுன்சில் அனுப்பும் உதவிப்பெண் ஒன்பது மணிக்கு வந்து ஒரு மணித்தியாலம் நிற்பாள். மற்ற நேரமெல்லாம் வசந்தமலர் தனி. கதவைத் திறக்க, விளக்கைப் போட, ஹீட்டரைக் கூட்ட, ஆபத்தென்றால் ஆளைக் கூப்பிட, இத்தனையும் அவளால் தனியே முடியவேண்டும். முடியாவிட்டால் மார்கேற் கடற்கரைப் பக்கம் ஒரு நேர்சிங் ஹோமில் இடம் இருக்கிறது. ஞானேஸ்வரன் ரயில் ஏறிப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அங்கிருந்தவர்களில் இளமையானவருக்கு வயது எண்பத்தொன்று. வசந்தமலருக்கு நாற்பத்து மூன்று.

"நான் வேலையை விடுறன்," என்றான் வந்ததும் வராததுமாக.

"விட்டுப்போட்டு?" என்றாள் வசந்தமலர் வார்டுக் கட்டிலில் கிடந்தபடி. "ரெண்டு பேரும் வீட்டில இருந்து ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? பதினெட்டு வருசம் உங்கட மூஞ்சையைப் பாத்தது காணும். வேற வழி பாருங்கோ."

அந்த வேறு வழி ஈஸ்ட் ஹாமில் தூசு பிடித்துக் கிடந்தது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பீற்றர் என்ற பொடியன் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத பெரிய கணினி ஒன்று அங்கே கிடந்தது. "கொண்டு போங்கோ அண்ணை, எனக்கு இடம் மிச்சம்," என்று தூக்கிக் கொடுத்தான்.

ஞானேஸ்வரன் கணினி படித்தவன் இல்லை. லண்டனுக்கு வருமுன் பதினாலு வருசம் ஜெர்மனியில் கோப்பை கழுவினான். கோப்பை கழுவாத நேரத்தில், ஆட்கள் வீதியோரம் எறிந்த ரேடியோ, டிவி எல்லாவற்றையும் பொறுக்கி வந்து திருத்துவான். ஆங்கிலத்தைவிட ஜெர்மன் அவனுக்கு நன்றாக ஓடும். இணையத்தில் ஜெர்மன்காரர் கூடிக் கதைக்கிற இடமொன்றில்தான் அந்த மென்பொருளைப் பற்றி வாசித்தான். வீட்டு விளக்கு, கதவு, ஹீட்டர், ஜன்னல் திரை, போன், பாட்டு, படம் எல்லாவற்றையும் ஒரே கணினி நடத்துமாம். அதுவும் சும்மா கிடைக்கிறது.

சும்மா கிடைக்கிற சாமான் ஆளைப் பாடுபடுத்தாமல் விடாது. ஐந்து தரம் ஏற்றினான். ஐந்து தரமும் ஏதாவது சின்னத் திருத்தம் செய்யப்போய் முழுவதும் கவிழ்ந்து, பிறகும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. அவன் புலம்பியதை வாசித்த ஒரு ஜெர்மன்காரன் பதில் எழுதியிருந்தான். நேரே கணினியில் ஏற்றாதே. கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி அதற்குள் ஏற்று. உள்ளே இருப்பது தன்னை முழுக் கணினி என்றே நம்பும். அது நன்றாக ஓடும் நேரம் பார்த்து, ஓடுகிறபடியே ஒரு படம் பிடித்து வை. பிறகு அது எப்படிக் கவிழ்ந்தாலும் அந்தப் படத்துக்குத் திரும்பலாம். வெளிக் கணினிக்கு ஒன்றும் ஆகாது.

இதைப் பீற்றரிடம் சொன்னபோது அவன் வாயைப் பிளந்தான்.

"என்னண்ணை சொல்லுறியள்? கொம்பியூட்டருக்குள்ள கொம்பியூட்டரோ? அப்ப உது பிள்ளைத்தாச்சி மெஷின் எண்டு சொல்லுங்கோவன்."

பெயர் ஒட்டிக்கொண்டது. வார்டில் அதைக் கேட்டதும் வசந்தமலர், "எங்கட வீட்டில முதல் பிள்ளைத்தாச்சி உதுதான் என்ன," என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த விஷயத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தரம்.

பிள்ளைத்தாச்சி இலேசில் வழிக்கு வரவில்லை. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புகிற சின்னப் பெட்டியை வெளிக் கணினியில் செருகினால், உள்ளே இருப்பதற்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அதைத் தெரியவைக்க மட்டும் மூன்று கிழமை போயிற்று. அது வாடகை வீடு; ஹரோவில் இருந்த வீட்டுக்காரர் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றவர். அதனால் விளக்கு, ஹீட்டர் எல்லாம் பிளக்கில் செருகுகிற பெட்டிகளாகவே வாங்கினான். முன்கதவின் பூட்டு நாற்காலியிலிருந்து எட்டாது என்பதால், அதில் மின்பூட்டும் மோட்டாரும் பொருத்த மட்டும் கெஞ்சி அனுமதி எடுத்தான். ஜன்னல் திரையை இழுக்கப் பழைய காரொன்றின் வைப்பர் மோட்டார். தொழிற்சாலையிலிருந்து வந்து, வார்டுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறையில் குந்தியிருந்தான். கதைக்க வேறு ஆள் இல்லாததால் மெஷினோடு கதைத்தான். அது பதில் சொல்லத் தொடங்கியது ஆவணியில். ரிமோட்டை அமத்தினான், குசினி விளக்குப் பற்றியது. அணைத்தான், அணைந்தது. நாற்பது தரம் போட்டுப் போட்டு அணைத்தான்.

காலை ஆறு மணிக்குத் திரை திறக்கும், விளக்குப் பற்றும், ஹீட்டர் கூடும், வீடு முழுக்க நாதஸ்வரமும் தவிலும் மெல்லக் கேட்கும் என்று ஒழுங்கு செய்தான். மேளம்தான் வேண்டும் என்றது வசந்தமலர். "மணிக்கூடு கத்தி எழும்ப நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையோ?" என்றாள்.

படத்துக்குத் திரும்புகிற பொத்தானை வெளிக் கணினியின் திரையில், வேறொன்றும் இல்லாமல், பெரிதாக வைத்தான். அதற்குப் 'பழையபடி' என்று பெயர் எழுதினான். சக்கர நாற்காலியில் இருந்தே கை எட்டுகிற உயரத்தில் திரையையும் மவுஸையும் ஒரு தட்டில் வைத்தான்.

பரீட்சைக் கிழமை அவன் மூன்று நாள் லீவு எடுத்தான். திங்கட்கிழமை வசந்தமலரை ஆஸ்பத்திரி வெள்ளோட்டமாக வீட்டுக்கு அனுப்பியது. முன்னறையில் கட்டில். நாற்காலியின் கையில் ரிமோட்டைக் கயிற்றால் கட்டிவிட்டான். செவ்வாய் காலை ஆறு அடிக்க ஒரு நிமிசம் இருக்கையில், எல்லாம் திறமாக ஓடுவதைப் பார்த்துக் கடைசிப் படத்தைப் பிடித்தான். மேல்மாடியில் கேட்குமா என்று பார்ப்பதற்காக மேளத்தின் சத்தத்தை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்ததை மறந்துவிட்டான். ஆறு அடித்து மேளம் அதிர்ந்த பிறகுதான் ஓடிப்போய்க் குறைத்தான்.

"உது கவிண்டால் நீர் என்ன செய்யவேணும்?" என்று அன்றைக்குப் பத்தாவது தரமாகக் கேட்டான்.

"பழையபடியை அமத்தவேணும்."

"பிறகு?"

"பிறகு மூண்டு நிமிசம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும். அது மட்டும் எனக்கு ஏலாது எண்டு அந்த ஜெர்மன்காரனுக்கு எழுதிப் போடுங்கோ."

புதன்கிழமை விடிய வசந்தமலரின் தங்கை சுசிலா ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்து, வீட்டைக் கூட்டித் துடைத்துத் தோசையும் சுட்டாள். பத்து நாற்பதுக்கு ஞானேஸ்வரன் வெளியே போனான். பத்து ஐம்பதுக்கு இசபெலின் சின்னக் கார் வாசலில் வந்து நின்றது. அவள் இறங்கி வர, சுசிலா வெளியே வர, சரியாக இருந்தது. இசபெல் அவளுக்கு வணக்கம் சொல்லி, கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டு, காருக்குள் போய்க் கடதாசிகளை நிரப்பத் தொடங்கினாள். பதினொன்றுக்கு மணியை அமத்துவாள். பத்து நிமிசத்துக்குள் கதவு திறக்க வேண்டும். அதற்கு மேல் உதவிக்கு வருகிறவர் யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள் என்பது அவளுடைய கணக்கு.

சுசிலா தெருவைக் கடந்து வந்தாள்.

"அத்தான், நனையிறியள். குடையை விரியுங்கோவன்."

"உள்ளுக்கு எல்லாம் சரியோ?"

"எல்லாம் சரி. தோசை மூடி வைச்சிருக்கிறன். வீட்டைப் பளிச்செண்டு துடைச்சு, தேவையில்லாத சுவிற்ச் எல்லாம் அணைச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

ஞானேஸ்வரன் மெல்லத் திரும்பினான்.

"எந்தச் சுவிற்ச்?"

"எல்லாம்தான். படிக்குக் கீழ, கூட்டின தும்புத்தடியை வைக்கப் போனன். அங்க சின்னச் சின்ன லைற் சும்மா பத்திக்கொண்டு நிண்டது. ஆளில்லாத அறையில என்னத்துக்கு? சுவரோட அணைச்சுப்போட்டன்."

அவள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. வெளிக்கிடும்போது வீட்டுச் சுவிற்ச் எல்லாம் அணைத்தாயிற்றா என்று தகப்பன் கேட்டுத் திருப்பி அனுப்புகிற வீட்டில் பிறந்தவர்கள் அக்காவும் தங்கையும். இந்தத் தெருவில் உள்ள தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அதுதான் நடப்பு. மைக்ரோவேவையும் சுவரோடு அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். ஐந்து மாதமாக மெஷினுக்கு வரக்கூடிய எல்லா வியாதிக்கும் மருந்து தேடிய ஞானேஸ்வரன், அந்தச் சுவிற்சின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்ட மறந்தான்.

அவன் காரை நோக்கி ஓடினான். இசபெல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு சுவிற்ச். ஒரே ஒரு நிமிசம். உள்ளே போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினான்.

இசபெல் கடுமையான பெண் இல்லை. வார்டில் வசந்தமலரோடு உட்கார்ந்து சிரிக்கிறவள்தான். பேனையை மூடிவிட்டு அவனைப் பார்த்தாள். "நீங்கள் தொழிற்சாலையில் நிற்கிற நாளில் அந்தச் சுவிற்சைப் போட யார் வருவார்கள்?" என்று கேட்டாள்.

அவன் கார்க் கதவிலிருந்து கையை எடுத்தான். திரும்பிப் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தான்.

பதினொரு மணி. இசபெல் இறங்கிப் போய் மணியை அமத்தினாள். மணியும் பிள்ளைத்தாச்சியோடு கட்டிய சாமான்தான். அது அடிக்கவில்லை என்பது அவள் மறுபடியும் மறுபடியும் அமத்தியதில் தெரிந்தது. கையால் தட்டினாள். பிறகு குனிந்து, கதவில் கடிதம் போடுகிற ஓட்டையைத் தள்ளித் திறந்து, அதற்குள் ஏதோ சொன்னாள். காதை வைத்துக் கேட்டாள். மறுபடியும் சொன்னாள்.

"அத்தான், நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

"இல்லை."

"அப்ப ஏன் குடையை உப்பிடிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"குளிர்."

பதினொன்று மூன்று. பதினொன்று ஐந்து. வீடு செத்துப்போனதுபோல இருந்தது. திரை மூடியபடி, விளக்கில்லாமல். அந்த நேரம் பார்த்து ஒரு மாடி பஸ் வந்து, சரியாக வீட்டை மறைத்துக்கொண்டு நின்றது. ஒரு கிழவர் சில்லறை தேடினார். சாரதி பொறுமையாக இருந்தான். ஞானேஸ்வரனுக்கு அந்தக் கிழவரைத் தூக்கி உள்ளே வைத்தால் என்ன என்று இருந்தது. பஸ் நகர்ந்தபோது இசபெல் இன்னும் குனிந்தபடியே நின்றாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்று எட்டு.

முதலில் முன்னறைத் திரை ஆடியது. வைப்பர் மோட்டார் இழுக்கிறதுபோல, வெட்டி வெட்டி, அரை அடி, இன்னொரு அரை அடி. பிறகு முன்னறை விளக்கு. குசினி விளக்கு. மேல்மாடி விளக்கு. ஞானேஸ்வரன் மூச்சை விடுவதற்குள், ஒலிபெருக்கி இருந்த எல்லா அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில், கோயில் வீதியில் சாமி புறப்படுகிறதுபோல, மேளம் எழும்பியது.

என்ன மேளம்! தவில் அடித்த அடியில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நாய் ஒன்று குரைத்தது. நாதஸ்வரம் தெருவைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்கு வந்தது. முன்கதவு தானாக உள்ளே திறந்தது. அதில் சாய்ந்து குனிந்து நின்ற இசபெல் அந்த வேகத்தில் இரண்டு எட்டு வைத்து, மேளதாளத்தோடு, வலது கால் முன்னால் வைத்து ஞானேஸ்வரன் வீட்டுக்குள் போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.

"என்ன அத்தான், உள்ளுக்குக் கலியாணமோ?" என்றாள் சுசிலா.

ஞானேஸ்வரன் அப்போதுதான் குடையை விரித்தான். மழை விட்டுச் சில நிமிசம் ஆகியிருந்தது.

முக்கால் மணித்தியாலம் கழித்து இசபெல் வாசலில் வந்து நின்று கையசைத்து இருவரையும் கூப்பிட்டாள். வசந்தமலர் நாற்காலியில் நடு ஹோலில் இருந்தாள். மடியில் தோசை திருப்புகிற, கரி பிடித்த தட்டகப்பை.

"வாங்கோ," என்றாள் புருசனைப் பார்த்து. "எத்தினை பஸ் விட்டனீங்கள்?"

"ரெண்டு. என்ன நடந்தது?"

"ரிமோட்டை அமத்தினன், ஒண்டும் இல்லை. இன்னொருக்கா அமத்தினன், ஒண்டும் இல்லை. உடனை விளங்கிப்போச்சு, உது என்ர தங்கச்சியின்ர வேலை எண்டு." சுசிலாவைப் பார்த்தாள். "நானாயிருந்தாலும் அதைத்தானடி செய்திருப்பன். அப்பா எங்களை அப்பிடி வளத்தவர். உருட்டிக்கொண்டு போய்ப் பாத்தன், சுவிற்ச் அடியில, நிலத்தோட கிடக்கு. கை எட்டேல்லை. குசினிக்குப் போய் நீ தோசை சுட்ட தட்டகப்பையை எடுத்துக்கொண்டு வந்து ஒரு தட்டு. மெஷின் எழும்பீட்டுது."

"உள்ளுக்கு இருக்கிறதும் எழும்பினதோ?" ஞானேஸ்வரன் படிக்குக் கீழே எட்டிப் பார்த்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரோடு அணைத்தால் உள்ளே இருப்பது கவிழும் என்று அவனுக்குத் தெரியும்.

"எங்க எழும்பினது! கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா ஓடி ஓடிப் புலம்பிச்சுது. நான் வாசிக்கவே இல்லை. பழையபடியை அமத்தினன். மூண்டு நிமிசம் சும்மா இருக்க ஏலாமல், கதவோட்டையால இந்தப் பிள்ளையோட கதைச்சுக்கொண்டிருந்தன். புருசனைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டா. வேண்டாம் பிள்ளை, அந்தாள் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிக்கிறமாதிரி நடிச்சுக்கொண்டு நிக்கிறார், குழப்பாதையும் எண்டன்."

செவ்வாய் காலை ஆறுக்கு ஒரு நிமிசம் இருந்தபடியே மெஷின் விழித்தெழுந்திருக்கிறது. அதன் நினைப்பில் அப்போதுதான் விடிந்தது. அதுதான் திரையும் விளக்கும். அதுதான் அந்தச் சத்தத்தில் மேளம். அவள் ரிமோட்டால் கதவைத் திறந்துவிட்டு மேளத்தைக் குறைத்தாளாம். மற்ற வேலைகளை, ஹீட்டர், விளக்கு, ஆளைக் கூப்பிடும் போன் எல்லாவற்றையும், வரிசையாகச் செய்து காட்டியிருந்தாள்.

இசபெல் கடதாசியை மேசையில் வைத்துக் கையெழுத்திட்டாள். இப்படியான வீடுகளில் தான் கடைசியாக ஒரு கேள்வி கேட்பது வழக்கம் என்றாள். எல்லாம் ஒரேயடியாகக் கெட்டுப்போனால், வீட்டில் யாரும் இல்லாவிட்டால், என்ன செய்வீர்கள்? பெரிய கொம்பனிகள் பூட்டிக் கொடுத்த வீடுகளிலும் அந்தக் கேள்விக்கு ஆட்கள் முழிப்பதைத்தான் பார்த்திருக்கிறாளாம். "இன்றைக்கு நான் கேட்கவே தேவையில்லை. பதிலைக் கதவோட்டையால் பார்த்துவிட்டேன்," என்றாள். வசந்தமலர் இனி ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மார்கேற் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று தானே எழுதிவிடுவாள். பிறகு, அந்த இசையை இன்னொரு தரம் போட முடியுமா என்று கேட்டாள்.

ஞானேஸ்வரன் பீற்றருக்குப் போன் எடுத்தான். போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"என்னண்ணை மேளம் கேக்குது?"

"பிள்ளைத்தாச்சிக்குச் சுகப்பிரசவம்," என்று நாற்காலியிலிருந்து கத்தினாள் வசந்தமலர்.

இசபெல் இரண்டு தோசை சாப்பிட்டுப் போனாள். சுசிலா பின்னேரம் வீட்டுக்கு வெளிக்கிடும்போது, கை தானாகக் குசினிச் சுவிற்சுக்குப் போக, பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தாள். "அது கேத்தில். அணை, அணை," என்றாள் வசந்தமலர். அதற்குள் ஞானேஸ்வரன் மெஷினின் நேரத்தைத் திருத்தி, படிக்குக் கீழே உள்ள சுவிற்சின்மேல் நாலு அடுக்கு டேப் ஒட்டியிருந்தான்.

மறுநாள் காலை நாலரைக்கு ஞானேஸ்வரன் வேலைக்குப் போனான். ஆறு மணிக்குத் திரை திறந்தது. வசந்தமலர் ரிமோட்டால் மேளத்தை நிற்பாட்டிவிட்டு ஏழு மணிவரை நித்திரை கொண்டாள்.